உபகாரச் சம்பளமும் கறுப்புப் பெட்டியும்

நமது கலாசாலை அலுவலகத்தின் வடபுறச் சுவரில் ஒரு சிறு சாளரம் உண்டு. பொருள் முட்டுடைய மாணவர் எவரும் அதன்முன் நில்லாமல் இங்குத் தம் கல்வியை முடித்ததில்லை. இரும்புக் கம்பிகளினூடே விண்ணப்பத்தை உள்ளே நீட்டுவோம். சிறிது நேரங்கழித்து ஒரு கை அதனைத் திரும்ப வெளியே நீட்டும். ‘வருமானச் சான்று பழையது’ என்றோ, ‘பெயரின் முதலெழுத்து மாறியிருக்கிறது’ என்றோ ஒரு குரல் கேட்கும். அவ்விண்ணப்பத்தை உள்ளே படித்தவர் யார், எவ்விதியைக்கொண்டு அதனைத் தள்ளினார் என்பவற்றை வெளியே நிற்போர் அறியார். யான் இளங்கலை இரண்டாம் ஆண்டிற் பயின்றபோது ஒரே விண்ணப்பத்துடன் மும்முறை அச்சாளரத்தினின்று திருப்பப்பட்டேன். மூன்றாம் முறை திரும்பிய அன்று, வேப்பமரத்தடியில் அமர்ந்து, படிப்பை விட்டு ஊருக்கே போய்விடலாமா என்று எண்ணியதை இன்றும் மறந்திலேன். நான்காம் முறை அது ஏற்கப்பட்டது. முதல் மூன்று முறையும் இருந்த குறை யாது, அது எவ்வாறு நீங்கிற்று என்பது எனக்கு அப்பொழுது விளங்கவில்லை.

அச்சாளரத்தை மறந்து யான் முதுகலை வகுப்பிற்கு வந்துவிட்ட பின்னர், 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், மீண்டும் அதனை நினைக்கும்படி ஒரு வேலை என்னிடம் வந்தது. கணிப்பொறித் துறை மாணவர் சிலர் ஓராண்டு உழைத்து, உபகாரச் சம்பளத்திற்கென ஒரு தகவல் அமைப்பை இயற்றியிருந்தனர். மாணவன் ஒருவன் தன் பெயர், வகுப்பு, மதிப்பெண், பெற்றோர் வருமானம், பயின்ற பள்ளி முதலியவற்றை அதில் இட்டால், அவனுக்கு உரிய உதவிகள் யாவை, அவற்றிற்கு வேண்டும் சான்றுகள் யாவை என்று அது சொல்லும். விண்ணப்பத்தை ஏற்று, அஃது எந்நிலையில் உள்ளது என்பதையும் காட்டும். அதனைப் பரீட்சித்துப் பார்க்க ஒருவர் வேண்டுமென்று அத்துறைப் பேராசிரியர் எங்கள் தமிழ்த் துறைக்கு வந்தார்.

“ஐயா, யான் தமிழ் மாணவன். கணிப்பொறிக்கு உள்ளே நடப்பது ஒன்றும் எனக்குத் தெரியாதே” என்றேன்.

“தெரியாமல் இருப்பதுதான் தம்பி உன் தகுதி” என்று அவர் நகைத்தார். “இயற்றியவர்கள் எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள். வெளியே நின்று பார்ப்பதற்கு எனக்கு ஓர் ஆள் வேண்டும்.”

இவ்வாறு வெளியே நின்று செய்யும் பரீட்சைக்குக் ‘கறுப்புப் பெட்டிச் சோதனை’ என்று பெயர் என அவர் எனக்கு விளக்கினார். அப்பெயர் மின்பொறியியலாரிடமிருந்து வந்தது. முத்திரையிட்டு மூடிய பெட்டி ஒன்று. அதனுள் ஏதேனும் செலுத்துவதற்கு ஒரு முனை. அதிலிருந்து வெளிவருவதைக் காண்பதற்கு மற்றொரு முனை. பெட்டியைத் திறவாமலே, இட்டதையும் பெற்றதையும் ஒப்புநோக்கி, உள்ளே இருப்பதன் இயல்பை உணரவேண்டும். ஆங்கில அறிஞர் ராஸ் ஆஷ்பி என்பார் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் இதற்கென்றே ஓர் இயல் வகுத்திருக்கிறார். கணிப்பொறிச் சோதனையில் இம்முறையைக் கையாள்வோர், நிரல் எழுதப்பட்ட விதத்தை நோக்கார். ‘இதனை இட்டால் இது வரவேண்டும்’ என்னும் விதிக்குறிப்பு ஒன்றையே கையிற்கொண்டு, வருவது அதுதானா என்று நோக்குவர். நிரலைத் திறந்து, அதன் ஒவ்வொரு வழியும் செல்லும் திசையை ஆராய்வது வேறு வகை. அதனை வெள்ளைப் பெட்டிச் சோதனை என்பர்.

கிளென்ஃபோர்டு மையர்ஸ் என்னும் அமெரிக்கர் இத்துறை பற்றி 1979-ஆம் ஆண்டில் எழுதிய நூல் பலராலும் போற்றப்படுவது. நிரலில் பிழை இல்லை என்று காட்டுதற்காகச் சோதிப்பவன் பிழையைக் காணான். பிழை உண்டு என்னும் எண்ணத்துடன் அதனைத் தேடிச் செல்பவனே காண்பான் என்பது அதன் உட்கருத்து. இது எனக்குப் புதுமையாக இருந்தது. நாம் எழுதும் பரீட்சைகள் யாவும் தேறுவதற்காகவே எழுதப்படுகின்றன. இங்கோ, பரீட்சிப்பவன் ஒரு பிழையைக் கண்டால்தான் அவனுடைய உழைப்பு பயன்பட்டதாகும். நண்பர்கள் ஓராண்டு உழைத்து ஆக்கிய ஒன்றில் குறை தேடுவது முதலில் எனக்கு நாணத்தைத் தந்தது. ஆனால், யாம் காணாது விட்ட பிழையைப் பின்னர்க் காண்பவர் ஏழை மாணவரே ஆவர் என்பதை எண்ணியபோது அந்நாணம் நீங்கிற்று.

அவ்வாண்டில் நடைமுறையிலிருந்த விதிகளில் சிலவற்றை இங்குக் குறிப்பது நலம். 1944-இல் தொடங்கப்பெற்ற, பத்தாம் வகுப்பிற்குப் பிந்திய கல்விக்கான உபகாரச் சம்பளம் பட்டியல் வகுப்பு மாணவர்க்கு உரியது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. மேனிலைத் தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற கல்லூரி மாணவர்க்கென மத்திய அரசு வழங்கும் மற்றோர் உதவிக்கு வருமான வரம்பு 4,50,000 ரூபாய். வேறு உபகாரச் சம்பளம் பெறுவோர் இதனைப் பெறலாகாது. தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமோ, அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயின்ற மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் அளிப்பது. வேறு உதவி பெறுவோரும் இதனைக் கூடுதலாகப் பெறலாம். இவ்விதிகளைத் தட்டெழுதிய தாள்கள் நான்கு எனக்குத் தரப்பட்டன. அவையே யான் கைக்கொண்ட அளவுகோல்.

எத்தனை முறை சோதிப்பது என்பதே எனக்கு எழுந்த முதல் ஐயம். வருமானம் என்னும் ஒரு கட்டத்தில் மட்டும் சுழியம் முதல் 4,50,000 வரை ஒவ்வொரு ரூபாயாக இட்டுப் பார்ப்பதென்றால், நிமிடத்திற்கு ஒன்றாக, உண்ணாமலும் உறங்காமலும் சோதித்தாலும் 312 நாட்களுக்கு மேலாகும். ஆதலின், ஒரே வகையில் நடத்தப்படவேண்டிய மதிப்புகளை ஒரு கூட்டமாகக் கொண்டு, கூட்டத்திற்கு ஒன்றை மட்டும் எடுத்துச் சோதிக்கவேண்டும் எனப் பேராசிரியர் கற்பித்தார். பானைச் சோற்றிற்கு ஒரு பருக்கை பதம் பார்க்கும் நம் வீட்டுப் பெண்டிர் இதனை நெடுங்காலமாக அறிவர். 2,50,000 வரை ஒரு கூட்டம். அதற்கு மேல் 4,50,000 வரை ஒரு கூட்டம். அதற்கும் மேற்பட்டது மற்றொரு கூட்டம். இவையன்றி, ஏற்கத்தகாத கூட்டங்களும் உண்டு: சுழியத்திற்குக் கீழ்ப்பட்ட எண், எண்ணுக்குப் பதிலாக எழுத்து, ஒன்றும் இடாத வெற்றுக் கட்டம் ஆகியன.

ஆனால், பானையின் நடுவிலுள்ள பருக்கை வெந்திருக்க, விளிம்பில் ஒட்டிய பருக்கை வேகாதிருத்தலும் உண்டு. ஆகவே எல்லைகளைத் தனியே சோதிக்கவேண்டும் என்பது அடுத்த பாடம். 2,49,999 இட்டேன், உதவிக்குத் தகுதி உண்டு என்று வந்தது. 2,50,001 இட்டேன்; இல்லை என்று வந்தது. இரண்டும் சரியே. சரியாக 2,50,000 இட்டேன். அதற்கும் இல்லை என்றே வந்தது! மேற்படலாகாது என்பது விதி. சமமாக இருப்பது மேற்பட்டதாகாது. ‘குறைந்தது’ என்பதற்கும் ‘மிகாதது’ என்பதற்கும் உள்ள வேற்றுமையை நிரல் எழுதிய நண்பர் கருதவில்லை. ஒரு ரூபாய்ப் பிழைதானே என்று அவர் கூறினார். யான் கண்ட வருமானச் சான்றுகளிலெல்லாம் தொகை முழு ஆயிரங்களாகவே குறிக்கப்பட்டிருந்தது. ஆதலின், அவ்வெல்லைக் கோட்டின்மீதே மெய்யான மாணவர் சிலர் நிற்கக்கூடும் என்பதை அவருக்கு எடுத்துரைத்தேன்.

மற்றொரு பிழை நகைப்பிற்கு இடமாயிற்று. சான்றில் அச்சிட்டிருப்பது போலவே காற்புள்ளிகளுடன் 4,60,000 என்று இட்டேன். எல்லா உதவிகளும் எனக்கு உரியன என்று அமைப்பு மகிழ்ச்சியுடன் அறிவித்தது. முதற் காற்புள்ளியைக் கண்டதும் அது படிப்பதை நிறுத்திவிட்டு, என் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4 ரூபாய் என்று கொண்டதாம். அடுத்து, விண்ணப்பத்தின் கடைசி நாளை அன்றைய தேதியாகவே அமைக்கச் சொல்லி, அன்று காலையிலேயே ஒரு விண்ணப்பம் இட்டேன். ‘காலம் கடந்துவிட்டது’ என்று விடை வந்தது. நாளை மட்டும் குறித்து மணியைக் குறிக்காவிடில், அந்நாள் பிறக்கும் நள்ளிரவையே கணிப்பொறி முடிவாகக் கொள்ளுமாம். கடைசி நாளன்று பேருந்து ஏறி வரும் கிராமத்து மாணவனுக்கு, அவன் புறப்படுமுன்னரே கதவு அடைக்கப்பட்டிருக்கும்.

தமிழ் மாணவனாகிய யான் பெயர்க் கட்டத்தை எளிதில் விட்டேனில்லை. அதில் 25 எழுத்துகள் வரை இடலாம் என்பது விதி. கிருஷ்ணமூர்த்தி என்பது நம் இலக்கணப்படி 8 எழுத்து. கணிப்பொறியோ, உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி, அதனை 15 என்று கொள்ளுகிறது. ‘கிருஷ்ணமூர்த்தி சுந்தரமூர்த்தி’ என்று 16 எழுத்துகளில் ஒரு பெயரை இட்டேன். அஃது அப்பெயரின் வாலை வெட்டி, ‘கிருஷ்ணமூர்த்தி சுந்தரமூர’ என்று புள்ளியும் இன்றி நிறுத்திற்று. பெயரில் ஒரு முதலெழுத்து மாறியதற்காகச் சாளரத்தினின்று திருப்பப்பட்ட எனக்கு, இஃது எங்குக் கொண்டுபோய் விடும் என்பது நன்றாகத் தெரியும்.

தனித்தனி விதிகள் சரியாயினும், அவை கூடுமிடத்துப் பிழை நேரும். இதற்கென ஒரு பட்டிகை வரைந்தேன். பட்டியல் வகுப்பா, வருமானம் வரம்பிற்குள்ளா, பெண்ணா, அரசுப் பள்ளியில் பயின்றவரா என்னும் நான்கு வினாக்களுக்கு ஆம், இல்லை என விடை மாற்றி அமைத்தால் 16 நிலைகள் தோன்றும். ஒவ்வொரு நிலைக்கும் வரவேண்டிய விடையை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு சோதித்தேன். நான்கிற்கும் ஆம் என்று விடை தரும் மாணவிக்கு இரண்டு உதவிகள் உரியன. அமைப்போ ஒன்றைமட்டும் காட்டி நின்றுவிட்டது. தகுதியுள்ள ஒன்றைக் கண்டதும் மேலும் தேடாது நிற்கும்படி அது எழுதப்பட்டிருந்தது. மிகுதியும் தேவையுடைய மாணவிக்கே இதனால் இழப்பு மிகுதி. அவளோ, இழந்தோம் என்பதையும் அறியாள்.

86 சோதனைகளின் முடிவில் 9 பிழைகளைக் குறித்துக் கொடுத்தேன். அவை திருத்தப்பட்டன; அனைத்தையும் மீண்டும் சோதித்தேன். இதற்கிடையில், ஆகஸ்டு 9-ஆம் நாள், அரசுப் பள்ளியில் பயின்ற ஆண் மாணவர்க்கெனத் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கப்பெற்றது. அதனையும் அமைப்பில் சேர்த்தார்கள். சேர்த்த மறுநாள், அதுவரை சரியாக இயங்கிய மாணவியர் திட்டம் ஒருவருக்கும் வரவில்லை! ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும். ஆதலின் ஒரு திருத்தம் செய்யுந்தோறும் பழைய சோதனைகளையும் முதலிலிருந்து நடத்தவேண்டும் என்பதை அன்று கற்றேன். அதுவும் சீர்பெற்ற பின், என் அறிக்கையின் இறுதியில், ‘இவ்வமைப்பு குறைவின்றி இயங்குகிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கணிப்பொறி அறியாத ஒருவன் இத்தனையும் கண்டான் என்று பேராசிரியர் வகுப்பில் புகழ்ந்ததாகக் கேள்வியுற்று, எனக்குள் சிறிது செருக்கும் தோன்றிற்று.

அம்மாதக் கடைசியில் முதலாண்டு மாணவர்க்கு அவ்வமைப்பு திறந்துவிடப்பட்டது. அவர்க்கு உதவியாகச் சிலரைக் கணிப்பொறி அறையில் நிறுத்தியிருந்தார்கள், யானும் ஒருவன். பிற்பகலில் பெரும்பாலோர் தத்தம் வேலையை முடித்துச் சென்றனர். மூலையில் ஒரு மாணவிமட்டும் அரைமணி நேரமாக ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருகிற் சென்று, “என்ன தங்கச்சி, ஏதாவது சிக்கலா?” என்று கேட்டேன்.

“ஒன்றுமில்லை அண்ணா” என்றாள். பின்னர்ச் சிறிது தயங்கி, “இதில் எதைத் தொடுவது என்று தெரியவில்லை” என்றாள்.

திரையில் தந்தையைப் பற்றிய வினா இருந்தது. ‘உயிருடன் உள்ளார்’ என்பது ஒன்று. ‘காலமானார்’ என்பது மற்றொன்று. முன்னதைத் தொட்டால், அவருடைய தொழிலும் வருமானமும் இடாமல் மேற்செல்ல இயலாது. பின்னதைத் தொட்டால், இறப்புச் சான்றின் எண்ணை இடவேண்டும்.

“அப்பா இருக்கிறாரா இல்லையா என்பதே எங்களுக்குத் தெரியாது அண்ணா. நான் நான்காம் வகுப்புப் படிக்கும்போது வேலைக்கென்று போனவர், திரும்பவில்லை. வீட்டில் அம்மா சம்பாத்தியம்தான்.”

அவசரத்தில் ஒரு வழி சொல்லிவிட நினைத்து, “அப்படியானால் இப்போதைக்குக் காலமானார் என்று தொட்டுப் பார்” என்றேன்.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். “அம்மா இன்னும் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள் அண்ணா” என்றாள்.

அதற்குமேல் ஒரு சொல்லும் என்னால் பேச முடியவில்லை. யான் சொன்னது பொய் எழுதுவதற்கான யோசனை என்பதுகூட எனக்கு அப்பொழுது பெரிதாகத் தோன்றவில்லை; அச்சொல்லை அவளிடம் சொன்னேனே என்பதுதான் என்னைச் சுட்டது. அவளுடைய கைப்பேசி எண்ணைத் துறை ஆசிரியையிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லி, விரைவில் இதற்கு ஒரு வழி செய்வோம் என்றேன். அவள் தலையை அசைத்துவிட்டுப் போனாள். அச்சாளரத்தின் முன்னின்று யான் மும்முறை திரும்பியபோது என் நடை எவ்வாறு இருந்திருக்குமோ, அவ்வாறே இருந்தது அவள் நடையும்.

அன்றிரவு விடுதியில் என் சோதனைத் தாள்களை எடுத்து மீண்டும் படித்தேன். தந்தையைப் பற்றிய அவ்வினாவை யான் சோதியாது விட்டேனில்லை. நான்கு முறை சோதித்திருந்தேன். என் தந்தையார் யான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது காலமானார். ஆகையால், ‘காலமானார்’ என்னும் வழியை மிகுந்த கவனத்துடன் சோதித்திருந்தேன். சான்று எண் தவறினால் என்ன வரும் என்பதையும் பார்த்திருந்தேன். யான் நின்ற எல்லையை யான் அறிவேன். பிறர் நிற்கும் எல்லை ஒன்று உண்டு என்பது என் நினைவிற்கே வரவில்லை.

நிரல் எழுதிய நண்பரையும் குறைகூற இயலாது. என் கையிலிருந்த நான்கு தாள்களில், தந்தையின் நிலை இரண்டு என்றுதான் எழுதியிருந்தது. நிரல் அதன்படியே நடந்தது. யானும் அதன்படியே சோதித்துச் சரி என்றேன். அளவுகோலே குட்டையாக இருந்தால், அதனால் அளப்பவன் எத்தனை முறை அளந்தும் பயன் யாது? கறுப்புப் பெட்டிச் சோதனையின் வன்மையும் மென்மையும் எனக்கு அன்றுதான் ஒருங்கே புலப்பட்டன. விதிக்குறிப்பிற்கு மாறாகப் பெட்டி நடந்தால் அது காட்டிக்கொடுக்கும். விதிக்குறிப்பே மறந்துவிட்ட மனிதரை அது தானாகக் காட்டாது. அவரைச் சோதிப்பவனே தேடிக் கொணர்தல் வேண்டும்.

எங்கே தேடுவது? மறுநாட் காலை, பல ஆண்டுகளுக்குப் பின், அவ்வடபுறச் சாளரத்தை நோக்கி நடந்தேன். இம்முறை கம்பிகளுக்கு வெளியே நில்லாது, அலுவலகத்தினுள் சென்று, அங்கிருந்த குமாஸ்தாவை வணங்கி, என் வேலையைச் சொன்னேன். ஓய்வுபெற இன்னும் சில திங்களே உள்ள முதியவர் அவர். கேட்டு முடித்ததும், மேசையின் கீழறையிலிருந்து நீல அட்டையிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து என் முன் வைத்தார். விண்ணப்பங்களில் வந்த வழக்கத்திற்கு மாறான சங்கதிகளை எல்லாம், பெயர் குறியாமல், ஆண்டுதோறும் அதில் எழுதி வைத்திருந்தார். தந்தை காணாமற் போனவர். தாய் மறுமணம் செய்துகொள்ளப் பாட்டியிடம் வளர்பவர். பெற்றோர் இருவரும் இன்றி விடுதியிலேயே வளர்ந்தவர். தந்தை சிறையில் இருப்பவர். தாயின் பெயரையே முதலெழுத்தாகக் கொண்டவர். இடையில் ஓராண்டு வேலைக்குச் சென்று மீண்டு வந்தவர். வங்கிக் கணக்கில் ஒரு பெயரும் மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயரும் உடையவர். எண்ணிப் பார்த்தேன், 23 வகையினர் இருந்தனர். எங்கள் நான்கு தாள்களில் இவர்களில் எண்மரே இடம்பெற்றிருந்தனர்.

“கணவன் விட்டுப்போன பெண்ணுக்குத் தாசில்தார் ஒரு சான்று கொடுப்பார், தம்பி. கைவிடப்பட்ட பெண் என்று அதற்குப் பெயர். அதை வாங்கி வைத்தால் தாயின் வருமானம் ஒன்றே போதும். அந்தப் பெண்ணை என்னிடம் வரச்சொல்” என்றார்.

விடைபெறும்போது, நெடுநாளாக என் மனத்திற் கிடந்ததைக் கேட்டேன்: “ஐயா, என் விண்ணப்பத்தை ஒரு முறை மூன்று தடவை திருப்பினீர்களே, ஏன்?”

அவருக்கு அது நினைவில்லை. எனினும், “இங்கே திருப்பினால் நீ திருத்திக்கொண்டு மறுநாள் வரலாம். மேலே போய் அங்கே திருப்பினால் அந்த வருஷமே போய்விடும். அதனால்தான் பார்த்துப் பார்த்துத் திருப்புவேன். காரணத்தை விளக்கிச் சொல்லத்தான் நேரம் இருப்பதில்லை, உனக்குப் பின்னால் நூறு பேர் நிற்பார்கள்” என்றார். வேப்பமரத்தடியில் யான் பகைத்த அந்தக் கை, என்னைக் காப்பதற்காகவே நீண்டது என்பதை அறிந்தேன். மூடிய பெட்டியை வெளியே நின்று சோதிக்கலாம்; ஆனால் அதன் உள்ளத்தைப் பற்றி வெளியே நின்று முடிவு கூறுதல் எத்தனை தவறாகும்!

அந்நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு விதிக்குறிப்பு திருத்தப்பட்டது. தந்தையின் நிலையில் ‘உடன் வாழவில்லை அல்லது தகவல் இல்லை’ என்னும் மூன்றாம் வழி சேர்க்கப்பட்டது. ஒரு விண்ணப்பம் தள்ளப்பட்டால், எவ்விதியால் தள்ளப்பட்டது, என்ன செய்தால் சரியாகும் என்பதைத் தெளிந்த தமிழில் சொல்லவேண்டும் என்றும் ஒரு விதி சேர்த்தோம். அவ்வாசகங்களை எழுதும் பணி எனக்குக் கிடைத்தது. 23 வகையினர்க்கும் சோதனைகள் வகுத்தேன். மேலும் 6 பிழைகள் வெளிப்பட்டன. அம்மாணவி தாயுடன் வட்டாட்சியர் அலுவலகம் சென்று சான்று பெற்றாள். செப்டம்பர் மாதத்தில் அவளுடைய விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அன்று கணிப்பொறி அறையில் யான் சொன்ன சொல்லிற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “எனக்கு அது மறந்தே போயிற்று அண்ணா” என்றாள். மறந்திருக்கமாட்டாள் என்றே யான் எண்ணுகிறேன்.

சோதனையால் பிழை உண்டு என்பதைக் காட்டலாகுமேயன்றி, பிழை இல்லை என்பதை ஒருபோதும் காட்டலாகாது என்னும் கருத்தை, டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1969-இல் ரோமாபுரியில் நிகழ்ந்த அறிஞர் கூட்டத்தில் எடுத்துரைத்தார். அதனை முதலில் படித்தபோது வெறும் தருக்கமென்று கடந்துபோனேன். பின்னர் என் அறிக்கையை எடுத்து, ‘குறைவின்றி இயங்குகிறது’ என்ற இறுதி வரியை அடித்து, ‘இத்தாளில் குறித்த 131 சோதனைகளில் பிழை காணப்படவில்லை, இதில் இடம்பெறாத மாணவர் எவரேனும் வந்தால் தெரிவிக்கவும்’ என்று எழுதினேன். முதல் வரியைவிட இரண்டாவது சிறுமை உடையதாகத் தோன்றலாம். ஆயினும் அஃதே உண்மை.

அன்பார்ந்த மாணவ நண்பர்களே, நும்மிற் பலர் இவ்வாண்டும் அவ்வமைப்பின் முன் அமர்வீர். அதில் நுமக்குப் பொருந்தாத வினா ஒன்று எதிர்ப்பட்டால், பிழை நும்முடையது என்று எண்ணித் திரும்பிவிடாதீர். பொருந்தும் விடை ஒன்றைப் பொய்யாக இட்டும் செல்லாதீர். எழுந்து வந்து சொல்லுங்கள். அந்நீல நோட்டுப் புத்தகம் இப்பொழுது கணிப்பொறி அறையின் மேசைமேல் இருக்கிறது. முதியவர் ஓய்வுபெற்ற அன்று அதனை எங்களிடம் ஒப்புவித்துச் சென்றார். அதன் பின்பகுதியில் இன்னும் வெற்றுத் தாள்கள் பல உள.